கச்சான் காத்து வெயிலில எங்கட நாய் கறுப்பனைப் பறிகுடுத்தன். நாய்க்கு முதலுதவி தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்க

கல்லடிப்பாலம் (கல்லடி)
வெள்ளி, இரவு 8:10

கறுப்பன் போய் இண்டைக்கு ஒன்பதாம் நாள். ஏழு வயசு. அவன்ட கோப்பை இன்னும் குசினி வாசலிலதான் கிடக்கு. எடுத்து வைக்க வீட்டில ஒருத்தருக்கும் மனம் வரல்ல.

கச்சான் எண்ட அந்த வறண்ட சூட்டுக் காத்துத் தொடங்கினா எங்கட பக்கம் பகல் பதினொண்டுக்குப் பிறகு முத்தத்து மணலில கால் வைக்கேலாது எண்டு உங்களுக்கும் தெரியும். அண்டைக்குக் கிணறு இறைக்க ஆக்கள் வந்தவங்க. அவன் குரைப்பான் எண்டு பின்பக்கத் தகரக் கொட்டிலுக்க கட்டினன். சட்டியில தண்ணியும் வச்சன். ரெண்டு மணி போலப் போய்ப் பாத்தா சட்டி கவிண்டு கிடக்கு. அவன் பக்கவாட்டில விழுந்து மூசி மூசி இளைக்கிறான். நாக்கு செங்கல் மாதிரி சிவந்து, வாயைச் சுத்திப் பசை போல எச்சில். என்னைக் கண்டு எழும்பப் பாத்தான், பின்கால் ரெண்டும் நிக்கல்ல.

நான் செய்தது இதுதான். சாக்கைத் தண்ணியில நனைச்சு அவனைக் கழுத்து வரைக்கும் சுத்திக் கட்டினன். ஓட்டோவில ஏத்தி, வெயில் படக்கூடாது எண்டு ரெண்டு பக்கத் திரையையும் இறக்கிவிட்டன். முதல் போன இடம் பூட்டு. ரெண்டாவது இடத்திலயும் ஆளில்ல. மூண்டாவது இடத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம். வைத்தியர் காய்ச்சல் பாத்தார், 42 தாண்டி நிண்டிச்சு. ஊசி போட்டு சேலைன் ஏத்தினார். பின்னேரம் ரத்தமா வயித்தால போச்சு. இரவு எட்டரைக்கு முடிஞ்சுது.

வைத்தியர் என்னைப் பேசல்ல. "சாக்கால மூடினதால உடம்புச் சூடு வெளிய போக வழியில்லாமப் போயிட்டு தம்பி. அவடத்திலயே தண்ணியை ஊத்தி ஊத்திக் காத்துப் பட விட்டிருக்கணும், பிறகு கொண்டு வந்திருக்கலாம்" எண்டார். இது முன்னுக்கே தெரிஞ்சிருந்தா அவன் தப்பியிருக்கக் கூடும். அதாலதான் கேக்கிறன். மிருக வைத்தியரிட்டப் போறதுக்கு முதல் அந்தப் பத்து, இருபது நிமிசத்தில என்ன செய்யணும், எதைத் தொடவே கூடாது? தெரிஞ்சவங்க எழுதுங்க. நான் மட்டும் படிக்கிறதுக்கில்ல.

ஊசிப்பெட்டி (மட்டக்களப்பு)
வெள்ளி, இரவு 9:02

தம்பி, வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் எழுத ஏலாம இருந்திட்டன். நான் மிருக வைத்தியர் இல்ல. வைத்தியரோட உதவிக்கு நிண்டு 14 வருசம். ஒவ்வொரு கச்சானுக்கும் இப்பிடிச் சில நாய்கள் வரும். சாக்கால சுத்திக் கொண்டு வாறவங்கதான் கனபேர். அன்பிலதான் செய்றாங்க, ஆருக்கும் சொல்லித் தந்ததில்ல.

நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில மட்டும் ஒள்ளம் வேர்க்கும். சூட்டை வெளிய விடுறது இளைப்பாலதான். கச்சானில காத்தே சூடா இருக்கிறதால இளைச்சும் குளிராது. 40 பாகை தாண்டினா ஆபத்து, 41க்கு மேல குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பழுதாகத் தொடங்கும். கறுப்பனுக்கு ரத்தமா வயித்தால போனது அதால.

செய்ய வேண்டியது: நிழலுக்கு இழுங்க. கிணத்துத் தண்ணியோ குழாய்த் தண்ணியோ கிடைச்சதை வாளி வாளியா உடம்பில ஊத்துங்க. வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையணும். தலையில ஊத்தேக்க மூக்குக்க போகாமப் பாருங்க. ஊத்திக்கொண்டே விசிறுங்க. மேசைக் காத்தாடி இருந்தா அதைப் போடுங்க, இல்லாட்டி ஒரு அட்டைப் பெட்டி மூடி காணும். ஈரமும் காத்தும் சேந்தாத்தான் சூடு இறங்கும். ஐஸ் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை விடாதீங்க. முதல் குளிர வைக்கிறது, பிறகு ஏத்துறது. ஓட்டோவில திரை போட வேணாம், ஓடுற காத்து உதவி. 39.5க்கு வந்ததும் தண்ணி ஊத்துறதை நிப்பாட்டணும், இல்லாட்டி தேவைக்கு மேல குளிர்ந்திடும். நினைவு இருந்தா தண்ணியைக் கிட்ட வைங்க, தானா நக்கட்டும். வாயைத் திறந்து ஊத்தினா நெஞ்சுக்க போகும்.

எழும்பி நடந்தாலும் வைத்தியரிட்டக் கட்டாயம் காட்டணும். உள்ளுக்க நடக்கிற சேதம் அடுத்த நாள்தான் தெரியும்.

இன்னொண்டு. எல்லாரும் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி நாய்க்கெண்டு தனியா வைங்க. நுனியில வஸ்லின் பூசி, வாலைத் தூக்கி, குதத்துக்க ஒரு அங்குலம் மட்டும். சுகமான நாய்க்கு 38.3 இலிருந்து 39.2 வரைக்கும் இருக்கும். நம்மட கணக்கில அது காய்ச்சல், அதுக்கு அது சரி. நல்லா இருக்கேக்கயே ரெண்டு மூண்டு தரம் எடுத்துப் பழக்குங்க.

மருந்துக்கடைப்புள்ள (களுவாஞ்சிக்குடி)
வெள்ளி, இரவு 9:40

காய்ச்சல் எண்டதும் சொல்ல வேண்டியது இரிக்கு. நான் பாமசியில நிக்கிறன். "நாய்க்குக் காய்ச்சல், பனடோல் (பரசிட்டமோல்) தாங்க" எண்டு கேட்டு ஆக்கள் வாறாங்க. ஆளுக்கு எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு போறவங்களும் இருப்பாங்க, அதை நினைச்சாத்தான் பயமா இரிக்கு.

கணக்கைப் பாருங்க. ஒரு குளுசையில 500 மில்லிகிராம். நாலு கிலோ குட்டிக்கு முழுசாக் குடுத்தா கிலோவுக்கு 125 மில்லிகிராம் போகுது. 100 தாண்டினாலே நாயின்ட ஈரலுக்குக் கூடாது. முரசு (பல்லீறு) மண்ணிறமாகி, மூச்சு முட்டத் தொடங்கும். பூனைக்கு ஒரு குளுசையே உயிரை எடுக்கும். இபுபுறோபன், டைக்ளோபினாக் இன்னும் மோசம், வயித்தில புண் வந்து சிறுநீரகமும் போயிடும். வைத்தியர் நிறை பாத்து அளவு சொன்னாத் தவிர, நம்மட குளுசைப் பெட்டியில இருந்து நாய்க்கு ஒண்டும் எடுக்காதீங்க.

எலி மருந்தும் அப்பிடித்தான். சில எலி மருந்து தின்ட நாய் அண்டைக்கு நல்லா ஓடித்திரியும். ரெண்டு, மூண்டு நாள் கழிச்சுத்தான் மூக்கால, முரசால ரத்தம் வரும். அதுக்கு வைட்டமின் கே1 எண்டு மாத்து மருந்து இரிக்கு. நேரத்தோட போனாக் காப்பாத்தலாம். தின்டதைக் கண்டா அறிகுறி வரட்டும் எண்டு காத்திருக்காதீங்க. பைக்கற்றையும் கொண்டு போங்க, எந்த மருந்து எண்டு அதிலதான் தெரியும்.

வெல்லாவெளியான் (படுவான்கரை)
வெள்ளி, இரவு 10:15

நான் வயசாளி. எங்கட ஊரில நஞ்சு தின்ட நாய்க்கு உப்புத்தண்ணி கரைச்சுப் பருக்கி சத்தி (வாந்தி) எடுக்கப் பண்ணுவம். பாம்பு கடிச்சா விசகடி வைத்தியரிட்டக் கொண்டு போவம். பிழைச்ச நாய்களை என்ட கண்ணால கண்டிருக்கன். இஞ்ச இருந்து ரவுணுக்குக் கொண்டு போக நேரம் எடுக்கும், வாகனமும் எல்லாரிட்டயும் இல்ல. இருக்கிறதை வச்சுத்தானே செய்யணும்?

வயல்வாடி (அக்கரைப்பற்று)
வெள்ளி, இரவு 10:48

ஐயா சொல்ற கஷ்டம் எனக்கு விளங்குது. எங்கட வயல் வாடியிலயும் காவலுக்கு ஒரு நாய் நிக்கும். ரெண்டு போகத்துக்கு முதல் நெல்லுச் சூடு அடிச்ச இடத்தில கண்ணாடிப் புடையன் முகத்தில கொத்திச்சு. நானும் வாப்பாவும் கழுத்துக்குக் கீழ கயிறு போடப் பாத்தம். அதுக்குள்ள கன்னம், தொண்டை எல்லாம் பலாக்காய் போல வீங்கி, போட்டிருந்த பட்டியே கழுத்தை நெரிக்கத் தொடங்கிட்டு. வாப்பா கத்தி வச்சுப் பட்டியை வெட்டினார். அந்த வெட்டினதாலதான் மூச்சு விட்டுது எண்டு பிறகு வைத்தியர் சொன்னார்.

கயிறு கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது எல்லாத்துக்கும் அவர் வேணாம் எண்டார். புடையன்ட விசம் கடிச்ச இடத்துச் சதையையே அழிக்கும், கட்டினா விசம் அவடத்தயே நிண்டு இன்னும் அழிக்குமாம். நடக்க விடக்கூடாது. உர பேக்கை விரிச்சு அதில கிடத்தி ரெண்டு பேர் தூக்கினம். கடிச்ச நேரத்தைப் போனில குறிச்சு வச்சது உதவிச்சு.

வைத்தியர் ரெண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில விட்டு, 20 நிமிசம் ஆட்டாம வச்சுச் சரிச்சுப் பாத்தார். ரத்தம் உறையல்ல, தண்ணி மாதிரி ஓடிச்சு. அதை வச்சுத்தான் விசம் ஏறினது எண்டு முடிவு எடுத்தார். நாய் தப்பினது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு பக்கக் கன்னத்தில இப்பயும் முடி இல்ல.

ஊசிப்பெட்டி (மட்டக்களப்பு)
வெள்ளி, இரவு 11:20

வெல்லாவெளி ஐயா, நீங்க கண்டது பொய் எண்டு நான் சொல்லமாட்டன். விசமில்லாத பாம்பு கடிச்சிருக்கும், இல்லாட்டி விசப்பாம்பே விசத்தை விடாமக் கொத்தியிருக்கும். அப்பிடியும் நடக்கும். அந்த நாய்கள் ஒண்டும் செய்யாட்டியும் பிழைக்கும். உண்மையா விசம் ஏறின நாய்க்கு விசமுறி ஊசிதான். நம்ம நாட்டுக்கு வாறது இந்தியாவில செய்றது. நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை நாலுக்கும் வேலை செய்யும். எல்லா மிருக வைத்தியரிட்டயும் இருக்காது. அதால வெளிக்கிட முதல் போன் எடுங்க. தம்பி கறுப்பனோட மூண்டு இடம் அலைஞ்சதும் இதுக்குத்தான் சொல்றன். ரெண்டு, மூண்டு வைத்தியர்மாரின்ட நம்பரும், உங்கட பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலக நம்பரும், இரவில வரக்கூடிய ஒரு ஓட்டோக்காரரின்ட நம்பரும் சுவரில எழுதி ஒட்டுங்க.

வீக்கம் இல்லாட்டி விசம் இல்ல எண்டு நினைக்க வேணாம். எண்ணெய் விரியன் இரவில கடிக்கும், கடிவாயே தெரியாது. விடிய நாய் கண்ணிமை சரிஞ்சு, குரல் மாறி, கால் தள்ளாடி நிக்கும். அது கடைசிக் கட்டத்துக்குக் கிட்ட. பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீங்க, அடுத்த கடி உங்களுக்கு.

உப்புத்தண்ணி வேணவே வேணாம் ஐயா. சத்தி வராட்டி அந்த உப்பே ரத்தத்தில ஏறி மூளையைத் தாக்கி வலிப்பு வரப் பண்ணும். மண்ணெண்ணெய், அசிட், கழிவறை கழுவுற மருந்து குடிச்ச நாய்க்குச் சத்தி எடுக்கப் பண்ணினா, போகேக்க எரிச்ச தொண்டையை வரேக்கயும் எரிக்கும். சோர்ந்து கிடக்கிற நாய் சத்தி எடுத்தா அது சுவாசப்பைக்குத்தான் போகும்.

வயலுக்கு அடிக்கிற பூச்சிநாசினி பட்டதெண்டா அடையாளம் இது: எச்சில் ஊத்தும், கண்ணால தண்ணி, அடக்க ஏலாம மூத்திரம், தசை துடிக்கும், கண்மணி ஊசித் துளை போலச் சுருங்கும். மேலில பட்டிருந்தா கையுறை இல்லாட்டி சொப்பிங் பையைக் கையில மாட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. அதிலேயே நேரத்தைக் கழிக்காம ஏத்துங்க. அற்றோபீன் ஊசி போட வேணும்.

கரைவலை (பாசிக்குடா)
சனி, காலை 6:30

கடற்கரை ஆக்கள் ஒருத்தரும் சொல்லாத ஒண்டு. கரைவலை இழுத்தா பேத்தை மீனை மணலில எறிஞ்சு போட்டுப் போவாங்க. ஊதிக் கிடக்கிற அந்தப் பேத்தையை நாய் கடிக்கும். அதின்ட ஈரல், சினை, தோல் எல்லாத்திலயும் நஞ்சு. காய்ஞ்சாலும் அவிச்சாலும் போகாது. பின்காலில பலம் குறைஞ்சு, மறுகா முன்கால், மறுகா மூச்சு. மாத்து மருந்து கிடையாது. மூச்சுக்கு உதவி செய்து நஞ்சு கழியிற வரைக்கும் வச்சிருக்கிறதுதான் வைத்தியம். எங்கட வீட்டு நாயை அப்பிடி இழந்தம். இப்ப வலை இழுத்து முடிஞ்சதும் நானும் தம்பியும் பேத்தையெல்லாம் பொறுக்கிக் கிடங்கு வெட்டிப் புதைக்கிறம்.

தூண்டில் முள்ளு உதட்டில ஏறினா வந்த வழியால இழுக்காதீங்க, எதிர்முள்ளு சதையைப் பிச்சுக்கொண்டு வரும். நுனியை முன்னால தள்ளி வெளிய எடுத்து, எதிர்முள்ளைக் குறட்டால வெட்டிப்போட்டு மிச்சத்தைப் பின்னால உருவணும். விழுங்கினதெண்டா வாயால தொங்கிற தங்கூசை (தூண்டில் நூலை) இழுக்கவே கூடாது.

ஆரையம்பதியாள் (ஆரையம்பதி)
சனி, காலை 10:05

நான் தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்கிற ஆள். புழு வைச்ச புண்ணைப் பத்தி எழுதுறன், இது இஞ்ச மிச்சம் கூட.

காது மடிப்பிலயோ வாலடியிலயோ ஒரு சின்னக் கடி. இலையான் மொய்ச்சு ரெண்டு நாளில உள்ளுக்குப் புழு. கிட்டப் போகவே மணம் காட்டிக்குடுக்கும். பெற்றோல், மண்ணெண்ணெய், பினாயில், அலுமாரிக்க போடுற பூச்சி முட்டைத் தூள் எண்டு கொட்டுறாங்க. புழு சாகுதோ இல்லையோ, நாய் அந்தத் தோலால நஞ்சை இழுத்து, நக்கியும் விழுங்குது.

நான் செய்ற விதம். முதல் வாயைக் கட்டுவன். எவ்வளவு நல்ல நாயும் நோவில கடிக்கும். லேஞ்சி காணாது, பழைய சால்வை வேணும். நடுவில ஒரு தளர்முடிச்சுப் போட்டு மூக்குக்கு மேலால இறக்கி இறுக்கி, ரெண்டு நுனியையும் தாடைக்குக் கீழ மாத்திக் கொண்டு போய்க் காதுக்குப் பின்னால சுருக்கு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தா உடன அவிழணும். சத்தி எடுக்கிற நாய், மூச்சுக்கு இழுக்கிற நாய், மூஞ்சை சப்பையான நாய், இதுகளுக்குக் கட்டுறதில்ல.

பிறகு புண்ணைச் சுத்தி மயிரைக் கத்தரிப்பன். கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றருக்கு உப்பு ஒன்பது கிராம், கிட்டத்தட்ட ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி இல்லாத சிரிஞ்சால அதைப் பீச்சிப் பீச்சிக் கழுவேக்க புழு மேல வரும். டோர்ச்சை வாயில கவ்விக்கொண்டு, முனை மழுங்கின சாவணத்தால ஒண்டொண்டா எடுப்பன். மூச்சு விட மேல வரும், கிட்டக் கொண்டு போனதும் உள்ளுக்க இழுத்துக்கொள்ளும், பொறுமை வேணும். ஒருக்கா ஒரு பெட்டையின்ட கழுத்தில இருந்து நூற்றிப்பதினெட்டு எடுத்தன். எல்லாம் எடுத்தாலும் ஆழத்தில நிக்கும், அதுக்கு வைத்தியர்தான் மருந்து தரணும்.

ரத்தம் ஓடினா சுத்தமான சீலையை வச்சு அமத்திக்கொண்டே இருங்க, அஞ்சு தொடக்கம் பத்து நிமிசம். நிண்டிட்டா எண்டு தூக்கித் தூக்கிப் பாத்தா நிக்காது. சீலை நனைஞ்சா அதுக்கு மேலயே இன்னொண்டு. கோப்பித்தூள், மஞ்சள், மண் ஒண்டும் வேணாம்.

இதுக்கெல்லாம் ஒரு பிஸ்கட் டின் வச்சிருக்கன்: கோஸ், பண்டேஜ், சாவணம், சிரிஞ்ச், கத்தரி, வெப்பமானி, ரெண்டு பழைய சால்வை, ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்) பைக்கற்.

கோயிலடி (திருக்கோவில்)
சனி, இரவு 8:52

அவசரம் அவசரம். இப்பதான் மழை விட்டுது. எங்கட ஜூலி முத்தத்தால ஓடி வந்து வாயால நுரை நுரையாத் தள்ளுது. தலையை ஆட்டிக்கொண்டு முன்காலால வாயை விறாண்டுது. தொண்டையில எலும்பு சிக்கிட்டுதோ தெரியா. கையை விட்டுப் பாக்கவா?

ஊசிப்பெட்டி (மட்டக்களப்பு)
சனி, இரவு 8:54

கையை விட வேணாம். பொறுங்க. விசர்நாய் ஊசி போட்டதா? எப்ப? நேத்து, முந்தநாள் சாப்பாடு, தண்ணி எல்லாம் சரியா? ஆளை அடையாளம் தெரியுதா?

கோயிலடி (திருக்கோவில்)
சனி, இரவு 8:56

ஊசி இந்த வருசம் போட்டது, காட் இரிக்கி. பத்து நிமிசத்துக்கு முதல் வரைக்கும் நல்ல சுகம். கூப்பிட்டா வருது. தம்பி சொல்றான், படிக்குக் கீழ ஒரு பெரிய சொறித்தவளை குப்புறக் கிடக்காம்.

ஊசிப்பெட்டி (மட்டக்களப்பு)
சனி, இரவு 8:58

அதுதான் வேலை. தேரையின்ட தோலில இருந்து வாற பால் அது. தலையைக் கீழ சரிச்சுப் பிடிச்சு, குழாய்த் தண்ணியைக் கடைவாய்ப் பக்கத்தால விட்டு மூக்குப் பக்கமா வெளிய ஓட விடுங்க. தொண்டைக்கு நேர விடாதீங்க, விழுங்கக்கூடாது. பத்து நிமிசம். நடுவில ஈரச் சீலையைக் கையில சுத்தி முரசை, நாக்கைத் துடைங்க. வழுவழுப்புப் போகணும். தள்ளாடினா, வலிப்பு வந்தா, நுரை குறையாட்டி உடன வைத்தியரிட்ட.

மத்த ஆக்களுக்கும் சொல்றன், ஏன் முதல் ஊசியைக் கேட்டன் எண்டு. விசர் பிடிச்ச நாய்க்கும் தொண்டை விழுங்க ஏலாமப் போய் எச்சில் ஊத்தும். எலும்பு சிக்கினது போலவே இருக்கும். எலும்பு எண்டு நினைச்சுக் கையை விடுறது உயிரைக் குடுக்கிற வேலை. அப்பிடி எச்சில் கையில இருந்த காயத்தில பட்டா, கடி பட்டா, சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நோய் வெளிக்காட்டினாப் பிறகு வைத்தியம் இல்ல.

கோயிலடி (திருக்கோவில்)
சனி, இரவு 9:31

கழுவிட்டம். நுரை நிண்டிட்டு. முரசு இன்னும் சிவப்பு. படுத்திருக்கு, வாலாட்டுது. கை நடுங்குது எனக்கு.

ஊசிப்பெட்டி (மட்டக்களப்பு)
சனி, இரவு 9:34

முரசைப் பெருவிரலால அமத்தி விடுங்க. வெளிறி, ரெண்டு செக்கனுக்குள்ள பழைய நிறம் வந்தா ரத்த ஓட்டம் சரி. பின்தொடையின்ட உள்பக்கம் விரல் வச்சா நாடி பிடிபடும். 15 செக்கன் எண்ணி நாலால பெருக்கி எழுதி வைங்க, அரை மணிக்கொருக்கா. நாடி தாறுமாறா அடிச்சா இரவெண்டு பாக்காம வைத்தியருக்குப் போன் எடுங்க. இண்டைக்குச் சாப்பாடு வேணாம்.

வெல்லாவெளியான் (படுவான்கரை)
சனி, இரவு 10:20

எல்லாத்தையும் என்ட பேத்தி வாசிச்சுக் காட்டினா. உப்புத்தண்ணிக் கதையை இனி ஆருக்கும் சொல்லமாட்டன். வலிப்பு வந்தா இரும்பைக் கிட்டப் பிடிக்கிறமே, அதுவும் பிழையா?

ஊசிப்பெட்டி (மட்டக்களப்பு)
சனி, இரவு 10:41

இரும்பால ஒண்டும் ஆகாது ஐயா, வாயில ஒண்டும் வைக்காட்டிச் சரி. நாக்கை நாய் விழுங்காது. தலை அடிபடாம பக்கத்துச் சாமான்களை விலக்கி, வெளிச்சத்தை அணைச்சு, நேரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டினாலோ, ஒண்டு முடிய அடுத்தது வந்தாலோ உடன ஏத்தணும். பேத்திக்கு என்ட வணக்கத்தைச் சொல்லுங்க.

கோயிலடி (திருக்கோவில்)
ஞாயிறு, காலை 7:15

ஜூலி விடிய எழும்பிக் கதவைச் சுரண்டினது. சோறு திண்டிட்டு. நாடி இரவு முழுக்க எழுதினன், 132 இல இருந்து 96க்கு இறங்கிச்சு. இண்டைக்குப் பின்னேரம் வைத்தியரிட்டக் காட்டுறம். இரவில வெளி லைட்டைப் போட்டுப் படியைப் பாத்துத்தான் இனி இறக்குவன்.

கல்லடிப்பாலம் (கல்லடி)
ஞாயிறு, காலை 9:30

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அக்காட வெள்ளையனும் எங்கட கொட்டில் நிழலுக்குத்தான் பகலில வருவான். நேத்து மச்சானும் நானும் தகரத்துக்கு மேல ரெண்டு தட்டுக் கிடுகு போட்டு, பின்பக்கத் தட்டியைக் கழட்டிக் காத்து விட்டிருக்கம். கறுப்பன்ட கோப்பையை எடுத்துக் கழுவி, பழைய மோட்டச்சைக்கிள் டயரை அரைவாசி மண்ணில தாட்டு அதுக்க இறக்கி வச்சன். காலால தட்டிப் பாத்தன், கவிழல்ல. வெள்ளையன் இப்ப அதில குடிச்சுக்கொண்டு நிக்கிறான்.